முந்திய கேள்வியின் பதில்

நீதவான் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அது அவர் முதல் சொன்ன பதில். இப்ப கேட்டதுக்கு என்ன சொன்னவர்?" என்று கேட்டார்.

சாட்சிக் கூண்டில் நின்றவர் சிங்களம் மட்டும் பேசத் தெரிந்த ஒரு பொலிஸ் உத்தியோகத்தர். அவருடைய சிங்களத்தைத் தமிழில் சொல்லவேண்டிய உரைபெயர்ப்பாளர் நான். வாகனத்தை எங்கே நிறுத்தினீர்கள் என்பது முதல் கேள்வி. அதற்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. அவர் "மூன்று பேர்" என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. என் வாயில் வந்தது "பாலத்தடியில்" என்பது.

மன்னிப்புக் கேட்டுத் திருத்திச் சொன்னேன். யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் எனக்கு அது விளங்கவில்லை. மறந்திருந்தால் திரும்பக் கேட்டிருப்பேன். நான் மறக்கவில்லை. இரண்டு பதில்களும் எனக்குள் இருந்தன. எது இப்போதைக்கு உரியது என்று தெரிந்தும் மற்றதுதான் வெளியே வந்தது.

இருபத்திரண்டு வருடங்கள் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். அப்பா அம்பாறைப் பக்கம் சீனி ஆலையில் வேலை செய்தவர். சிங்களப் பிள்ளைகளோடு விளையாடியே அந்த மொழி எனக்கு வந்தது. பிறகு நாங்கள் அங்கே இருக்க முடியாமல் மட்டக்களப்புக்கு வந்தோம். மொழி மட்டும் என்னோடு வந்தது. கூண்டில் நிற்பவர் பேசப் பேச, நான் அதைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்ததற்குத் தயாராகிவிடுவேன். எப்படிச் செய்கிறேன் என்று யோசித்ததே இல்லை.

இப்போது நினைத்துப் பார்த்தால் வேறு அறிகுறிகளும் இருந்தன. அந்த வருடத் தைப்பொங்கலுக்கு வந்த மச்சாள் சீனி இல்லாமல் தேநீர் கேட்டார், அவருடைய கணவர் சீனி கூட்டிக் கேட்டார். இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். பருப்புக்குப் போடவேண்டிய உப்பு பக்கத்துச் சட்டிக்குப் போனது. என் கணவர் தவராசா சிரித்தார். கல்லடியில் வாவிக்கரையோரம் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை வைத்திருப்பவர் அவர். எனக்கு வயதாகிவிட்டது என்றார். நாற்பத்தெட்டு.

காலை வேளைகளில் தலைவலி இருந்தது. ஒரு தனியார் மருத்துவர் மாதவிடாய் நிற்கும் வயது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. நான் அவரிடம் தலைவலியை மட்டும்தான் சொன்னேன். பதில்கள் மாறிப்போவதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. என்னைப்போல நோயுற்று இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது அப்படி வெட்கம் இருந்தால், தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். எனக்கு அது நாலு மாதம் தின்றுவிட்டது.

ஆவணியில் ஒரு காலை, கையெழுத்துப் போடும்போது பேனா விரல்களிலிருந்து நழுவியது. வலது பக்க உதடு தானாகத் துடித்தது. அரை நிமிடம்கூட இராது. அது வலிப்பின் சிறிய வடிவம் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்கான் படத்தில் இடது பக்க நெற்றிக்குப் பின்னால் வெள்ளையாக, ஒரு எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. மெனின்ஜியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளரும் கட்டி, பெரும்பாலும் மெல்ல வளர்வது) என்று எழுதினார்கள். கண்டிக்கு அனுப்பினார்கள்.

கண்டியில் என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் சிங்களவர். நல்ல மனிதர். என் வேலை என்னவென்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் மொழிபெயர்க்க வேறு ஆள் தேவையில்லை என்று சிரித்தார். தவராசாவுக்குக் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும். அவர் என் பக்கத்தில், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நிபுணர் முதலில், மண்டையோட்டைத் திறந்துதான் எடுக்கவேண்டும் என்றார். பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்து என் முகத்தைப் பார்த்து, "பய வென்ன எபா. பிளிகாவக் நெமெய்" என்றார். பயப்பட வேண்டாம், இது புற்றுநோய் இல்லை.

"என்னவாம்?" என்று தவராசா கேட்டார்.

"மண்டையத் துறக்க வேணுமாம்" என்றேன்.

"ஓம், மறுகா என்ன சொன்னவர்?"

மறுகா (பிறகு) சொன்னது எனக்குத் தெரியும். என் நெஞ்சு முழுக்க அதுதான் இருந்தது. வாயைத் திறந்தேன். "மண்டையத் துறக்க வேணுமாம்" என்று மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவையும் அதுவே வந்தது. நிபுணர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகையைப் பார்த்து தவராசா தனக்கான மொழிபெயர்ப்பைத் தானே செய்துகொண்டார். நான் சாகப்போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டார்.

வெளியே நடைபாதையில் மரவாங்கில் (பெஞ்சில்) இருந்தபடி அவர் சத்தமில்லாமல் அழுதார். நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். தமிழ் தெரிந்த ஒரு தாதி வந்து என்னவென்று விசாரித்து, உள்ளே போய்க் கேட்டுவந்து அவருக்குச் சொன்னார். அந்த அரை மணித்தியாலத்துக்காக நான் இன்னும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் ஏசுவார்.

சத்திரசிகிச்சை ஐப்பசியில் நடந்தது. ஐந்து மணித்தியாலம். அதைப்பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நான் அங்கே இல்லை. விழித்தபோது முகம் வீங்கி இடது கண் மூடிக் கிடந்தது. தலையில் வெட்டிய இடத்தில் கோடுபோல உலோகப் பின்கள் அடித்திருந்தார்கள். வீக்கம் குறைய ஸ்டீராய்ட் (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) தந்தார்கள். அது தூக்கத்தைக் கெடுத்தது, பசியைக் கிளப்பியது, காரணமில்லாத கோபத்தைத் தந்தது. இது உங்களுக்கும் வரலாம். மருந்து குறையக் குறையப் போய்விடும். வீட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கட்டியின் துண்டைப் பரிசோதித்து, தீங்கில்லாத வகை என்று உறுதிசெய்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உறவினர் தொலைபேசியில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். கட்டி போனால் அது அழுத்திய இடம் உடனே எழும்பி நின்றுவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் கிழமை, மட்டக்களப்பில் நஸ்ரினிடம் போகத் தொடங்கினேன். காத்தான்குடிப் பிள்ளை, தொழில்வழிச் சிகிச்சையாளர் (நோய்க்குப் பின் அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவர்). அவர் முதல்நாள் வைத்த சோதனை இது. இரண்டு சொற்கள் சொல்வார்: கதவு, மஞ்சள். சிறிது நேரம் பேசாமல் இருப்பார். பிறகு மேசையில் ஒருமுறை தட்டினால் முதற் சொல்லையும், இருமுறை தட்டினால் இரண்டாவதையும் நான் சொல்லவேண்டும்.

இருமுறை தட்டினார். "கதவு" என்றேன். பிழை என்று சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்தது. ரெண்டையும் சொல்லுங்க என்றார். கதவு, மஞ்சள் என்று சரியாகச் சொன்னேன். அடுத்த சோடி, அதற்கடுத்த சோடி. இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒருபோதும் பிழைக்கவில்லை. ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால் அரைவாசி பிழைத்தது.

"யோசியாதீங்க அக்கா" என்றார் நஸ்ரின். "ரெண்டும் உங்களுக்குள்ள பத்திரமா இரிக்கி. எடுக்கிற இடத்திலதான் பிசகுது."

அவர் விளக்கியதை நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். கையில் உள்ள காரியத்துக்காகச் சில நொடிகள் மட்டும் மனம் பிடித்து வைத்திருக்கும் நினைவுக்குத் தொழிற்படு நினைவு என்று பெயர். தொலைபேசி இலக்கத்தை அழுத்தி முடிக்கும்வரை வைத்திருப்பது அதில்தான். பிடித்து வைத்திருப்பது ஒரு வேலை. வைத்திருப்பவற்றில் இந்த நொடிக்குத் தேவையான ஒன்றை மட்டும் எடுத்து நாக்குக்கோ கைக்கோ அனுப்புவது வேறு வேலை. எடுக்கப்படாதவை அழிவதில்லை, தங்கள் முறைக்குக் காத்திருக்கின்றன. இந்தத் தெரிவைச் செய்வது மூளையின் முன்பகுதியும், அடியில் ஆழமாக இருக்கும் சில நரம்புத் திரள்களும் சேர்ந்த ஒரு சுற்று. ஒன்றுக்கு வழிவிட்டு மற்றதை நிறுத்தி வைப்பது அதன் தொழில். என் கட்டி அந்தச் சுற்றின் ஒரு கரையில் இருந்துகொண்டு அழுத்தியிருக்கிறது.

நான் கேட்டேன், எவ்வளவு காலமாக என்று. அதை அவரால் சொல்ல முடியாது. நிபுணராலும் முடியவில்லை. கட்டி பல வருடங்கள் வளர்ந்திருக்கலாம், தெரிவு எப்போது பிசகத் தொடங்கியது என்பதற்கு அளவு இல்லை என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவுக்குள், எனக்கு ஒரு சிங்களச் சொல் ஞாபகம் வந்தது. மவ.

தாய் என்பதற்குச் சிங்களத்தில் மரியாதையாகச் சொல்லும் சொல் அது. கோட்டில் (நீதிமன்றத்தில்) பொலிஸார் அதைத்தான் பாவிப்பார்கள். எந்தப் பொலிஸ்காரர், எந்த வழக்கு என்பதும் தொடர்ந்து வந்தது. வெல்லாவெளிப் பக்கம் ஒரு வட்டையில் (வயல் நிலப்பரப்பில்) தண்ணீர் திருப்பும் தகராறு. வசந்தன் என்ற இளைஞன் பக்கத்து வயல்காரரை மண்வெட்டிப் பிடியால் அடித்ததாகக் குற்றச்சாட்டு. அவர் எதிரி (குற்றஞ்சாட்டப்பட்டவரை எங்கள் நீதிமன்றங்களில் அப்படித்தான் சொல்வோம்). வைகாசியில் நடந்த விசாரணை.

எதிரியை எப்படிக் கைதுசெய்தீர்கள் என்று பொலிஸ்காரரிடம் கேட்டார்கள். அவர் தானே பொலிசுக்கு வந்தார் என்றார். மண்வெட்டிப் பிடி எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். எதிரியின் தாய் எடுத்துத் தந்தார் என்றார். மவ. அவர் சொன்னது அதுதான். நான் சொன்னது, "எதிரி தானே எடுத்துத் தந்தார்."

பிடி ஒளித்துவைத்த இடம் எதிரிக்குத் தெரிந்திருந்தது, ஆகவே அடித்தவர் அவரே என்று காட்ட வழக்கேட்டில் அந்த ஒரு வரிதான் ஆதாரமாக இருந்தது. அன்று வசந்தனுக்குச் சட்டத்தரணி வரவில்லை. கேள்வி ஏதும் இருக்கிறதா என்று நீதவான் கேட்டபோது அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அப்படி ஆட்டியதையும் நான் பார்த்தேன். வழக்கு தீர்ப்புக்காக வேறு நாளுக்குத் தவணையிடப்பட்டிருந்தது.

மூன்று நாட்கள் யாரிடமும் சொல்லவில்லை. உண்மையாகவே நடந்ததா, மருந்து உண்டாக்கிய நினைவா என்று என்னையே விசாரித்தேன். நாலாம் நாள் பட்டறையில் வைத்து தவராசாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த திருகுசாவியைக் கீழே வைத்தார்.

"நீ அண்டைக்குத் தலையில கட்டியோட இருந்த வருத்தக்காரி. வருத்தத்தில நடந்ததுக்கு நீ என்ன செய்யிற?"

"வருத்தம் எனக்கு. உள்ள போகப்போறது அந்தப் பொடியன்" என்றேன்.

"ஒண்டு சொன்னா மற்றதெல்லாத்தையும் கிண்டுவாங்க, சுகந்தி. இருபத்திரண்டு வரிசத்தையும் கிண்டுவாங்க."

அவர் சொன்னது சரி. அதைத்தான் நானும் மூன்று நாளாகப் பயந்தேன். அவர் திருகுசாவியை எடுத்து எஞ்சினில் ஒரு திருகாணியை இறுக்கினார். கடைசியில், போவதென்றால் தானும் வருவதாகச் சொன்னார்.

சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக்கொடுக்கும் வாக்குமூலம்) ஒன்றைத் தயாரித்து, வைத்திய அறிக்கைகளையும் சேர்த்து நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுத்தேன். நீதவான் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். முதல்தடவையாகக் கதிரையில் இருக்கச் சொன்னார்.

வழக்கேட்டில் பொலிஸ்காரர் பேசிய சிங்களம் இல்லை, நான் சொன்ன தமிழ் மட்டும்தான் இருக்கிறது என்றார். ஒலிப்பதிவும் கிடையாது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பிறகு கேட்டார்: "உங்கட நினைவில பிழை எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அப்ப இந்த நினைவை நான் எப்படி நம்புறது?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. நஸ்ரின் பழக்கியது அது. கேள்வியை மனதுக்குள் ஒருமுறை சொல்லி, இது எந்தக் கேள்வி என்று அடையாளம் வைத்து, அதற்குரியதை எடுத்து, பார்த்து, பிறகு பேசவேண்டும். நீதவான் காத்திருந்தார்.

"கேட்டது எனக்குள்ள பிழையில்லாமல் இருக்குது அம்மா. எடுத்துச் சொன்னதுதான் பிழைச்சது" என்றேன்.

வேறு வழக்குகளிலும் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டார். இருக்கலாம் என்றேன். எத்தனை என்றார். தெரியாது என்றேன். அவர் பேனாவை மூடிவைத்தார். பொலிஸ்காரரைத் திரும்ப அழைக்கக் கட்டளையிடுவதாகச் சொன்னார். நான் இனிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம் என்றும் சொன்னார். அதை அவர் மிக மெதுவாகத்தான் சொன்னார்.

தவணையன்று நான் பொதுமக்கள் இருக்கும் வாங்கில், கடைசி வரிசையில் இருந்தேன். தலையில் முக்காடு போட்டிருந்தேன். என் இடத்தில் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு இளைஞர் நின்றார். மண்வெட்டிப் பிடியை யார் தந்தது என்று கேள்வி போனது. பொலிஸ்காரர் சொல்லி வாய்மூடுவதற்கு முன்பே எனக்குள் தமிழ் வந்துவிட்டது. உதடுகளைக் கடித்துக்கொண்டேன்.

"எதிரியின் தாய்" என்றார் இளைஞர்.

முதல் தடவை வேறுமாதிரிப் பதிவாகியிருக்கிறதே என்று நீதவான் கேட்டார். அன்றும் தான் இதையேதான் சொன்னதாகப் பொலிஸ்காரர் சொன்னார். அவருடைய குரலில் கோபம் இருக்கவில்லை, குழப்பம்தான் இருந்தது. எதிரிக் கூண்டில் நின்ற வசந்தன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்த ஏழு மாதமும் அவரும் அவருடைய ஊரும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்களப் பொலிஸ்காரன் கூண்டில் ஏறிப் பொய் சொன்னான் என்று நினைத்திருந்தார்கள். நினைப்பது லேசாக இருந்திருக்கும். நடுவில் நின்ற தமிழ்ப் பெண்ணின் வாயை யாரும் சந்தேகிக்கவில்லை.

இடைவேளையில் அந்தப் பொலிஸ்காரர் என்னைத் தேடி வந்தார். சுகம் எப்படி என்று சிங்களத்தில் விசாரித்தார். வசந்தனின் ஊர்ப் பக்கம் போனால் கடையில்கூட யாரும் தனக்கு முகம் கொடுப்பதில்லை, சீருடைதான் காரணம் என்று நினைத்ததாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், உங்கள் தலையைக் கவனியுங்கள் அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தன் விடுதலையானார். அந்த ஒரு வரிக்காக மட்டும் இல்லை, காயப்பட்டவரின் சாட்சியத்திலும் முரண்கள் இருந்தன என்று சொன்னார்கள். அந்தத் தகவலை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். என்னால் மட்டுமே ஒருவர் சிறைக்குப் போகவிருந்தார் என்பதைவிட அது தாங்கக்கூடியதாக இருந்தது.

பத்து நாள் கழித்து வசந்தனுடைய தாய் வீட்டுக்கு வந்தார். தங்கமலர் என்று பெயர் சொன்னார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வயல் வேலையில் கறுத்துக் காய்ந்த கைகள். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

"ஏசிற்றுப் போகத்தான் வந்தனான்" என்றார்.

ஏசுங்க என்றேன். மகனுக்கு வேலைக்காகக் கட்டாருக்குப் போகப் பயணம் சரிவந்திருந்தது, வழக்கால் அது தவறிப்போனது என்றார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பொலிசில் கையெழுத்து வைத்ததைச் சொன்னார். பிடியை எடுத்துக் கொடுத்தது தான்தான், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கக் கிடந்தது, ஒளித்துவைக்க யாருக்கும் நேரமே இருக்கவில்லை என்றார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் உயர்ந்தது. பிறகு என் முக்காடு விலகியிருந்த இடத்தில் அவருடைய பார்வை நின்றது. முடி அப்போது ஒரு அங்குலம்தான் வளர்ந்திருந்தது. தழும்பு முழுதாகத் தெரியும்.

"நோகுதா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"இப்ப நான் ஏசினது வெளங்கினதா உங்களுக்கு?"

"ஓம். எல்லாம் வெளங்கினது."

அவர் தலையை ஆட்டினார். தேநீர் குடிக்கவில்லை. வேலிப் படலைவரை போய்த் திரும்பி நின்று, மகனிடம் போய் என்ன சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை என்றார். என்னை மன்னித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது நடந்து ஒன்றரை வருடமாகிறது. இப்போது எனக்கு எழுத்து மொழிபெயர்ப்பு வேலை தந்திருக்கிறார்கள். கட்டளைகள், கடிதங்கள். மூலம் தாளில் இருக்கிறது, நான் எழுதுவதும் தாளில் இருக்கிறது. பிழைத்தால் கண்ணுக்குத் தெரியும். தெரிவுச் சோதனையில் இப்போது பத்துக்கு எட்டோ ஒன்பதோ சரியாக வருகிறது. களைத்தால் ஆறாகிவிடும். இது முழுதாகத் திரும்பும் என்று யாரும் எனக்கு வாக்குத் தரவில்லை. உங்களுக்கும் நான் தரமாட்டேன். திரும்பியதை வைத்து நாளை ஒழுங்குபடுத்தலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் தவராசா ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்பார். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை அடுத்ததைக் கேட்காமல் இருக்கப் பழகிவிட்டார். அவசரக்காரர் அவர். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் ஒரு சட்டிதான் வைப்பேன். சந்தைக்குப் போனால் எழுதிக்கொண்டு போவேன், வாங்கியதைத் தாளில் உடனே வெட்டிவிடுவேன். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் முன்பு எனக்கு நேரமே இருந்ததில்லை. இப்போது அங்கே ஒரு இடம் இருக்கிறது. ஒரு நாளில் கணிசமான பகுதியை நான் அந்த இடத்தில் நின்றே கழிக்கிறேன். என்னோடு கதைக்கும் ஆட்கள் நான் யோசிக்கிறேன் என்றும், சிலர் எனக்குக் காது கேட்கவில்லை என்றும் நினைப்பார்கள்.

சந்தேகத்துக்குரிய மாதங்களில் நான் நின்ற வழக்குகளின் பட்டியலைப் பதிவாளர் தயாரித்தார். நடந்துகொண்டிருந்தவற்றில் சாட்சிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஒன்றில் ஒரு சிறு பிழை அகப்பட்டது. தீர்ப்பாகி முடிந்தவை வேறு. மேன்முறையீடு செய்பவர்கள் செய்யலாம் என்று அறிவித்தார்கள், ஒருவரும் வரவில்லை. பட்டியல் எங்கிருந்து தொடங்கவேண்டும் என்று கேட்டார்கள். பங்குனியிலிருந்து என்று நான்தான் சொன்னேன். கோட்டில் எனக்குள் ஒரு தடுமாற்றம் இருந்ததாக ஞாபகம் இருப்பது பங்குனியிலிருந்துதான்.

போன கிழமை கிரானுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். லொறிச் சாரதிபோலத் தெரிந்த ஒருவர், நாற்பது வயதிருக்கும், பக்கத்தில் வந்து சிரித்தார்.

"அம்மா, சுகமா? என்ன ஞாபகமிரிக்கா? என்ட வழக்கில பொலிசு சொன்னதெல்லாம் நீங்கதான் தமிழில சொன்ன."

எனக்கு முகம் ஞாபகம் இல்லை. என்ன வழக்கு என்று கேட்டேன். அனுமதி இல்லாமல் மணல் ஏற்றிய வழக்கு, நாலு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்ததாகச் சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பிள்ளைகள் படிக்கிறார்கள், இப்போது வேறு முதலாளியிடம் லொறி ஓடுவதாகவும் சொன்னார்.

எந்த மாதம் விசாரணை நடந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்க வேண்டாம் என்றும் நினைத்தேன். இரண்டும் சேர்ந்து நின்றன. நஸ்ரின் சொல்லித் தந்தபடி அவசரப்படாமல் காத்திருந்து ஒன்றை எடுத்தேன்.

"எந்த மாசம்?"

"ரெண்டு வருசத்துக்கு முந்தின மாசி" என்றார். "ஏனம்மா?"

பஸ் வந்தது. அவர் என் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுக் கையசைத்தார். யன்னலோரம் இருந்தேன். பட்டியல் தொடங்கிய பங்குனிக்கு முந்திய மாதம் மாசி, தேநீர் மாறிப்போன தைப்பொங்கலுக்குப் பிந்திய மாதம். பஸ் நகர்ந்தபோது கை தானாக இடது பக்கத் தலைக்குப் போனது. தழும்புக்குப் பின்னால் ஒரு கையகல இடம் உணர்ச்சி இல்லாமல் இருக்கிறது, அது திரும்பாது என்று சொல்லியிருக்கிறார்கள். முடிக்குள் விரலை வைத்து அழுத்தினேன். விரலுக்குத் தலை இருப்பது தெரிந்தது. தலைக்கு விரல் தெரியவில்லை.